கொழிஞ்சிக்குப் பாசி

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு முந்திக்கொண்டு வந்துவிடும். யோசனை சாவகாசமாகப் பின்னால் வரும். என் வீட்டுக்காரர் அப்படியில்லை. கோபம் வந்தால் மோட்டார் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்து வயர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். கிளியனூர் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். எந்தத் துண்டில் என்ன வைப்பது என்பதை நான்தான் முடிவு செய்வேன். அதனால் சண்டைகளும் என் பொறுப்பிலேயே வந்து சேர்ந்தன. நாலு வருஷத்துக்கு முந்தைய வைகாசியில் நான் போட்ட ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான்தான் ஜெயித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் ஊருக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒரு அக்கா மீன் கொண்டுவருவார். மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து மொபெட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். தெருமுனையில் ஆரம்பிக்கும் பேச்சு எங்கள் வாசலுக்கு வந்தும் நிற்காது. மீனை எடைபோட்டுக்கொண்டே மூன்று வீட்டுக் கதை சொல்லி முடித்துவிடுவார். அவருடைய கணவருக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு இருந்தது. நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இந்த இரண்டு பேருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கொடுக்கல் வாங்கல் பல வருஷமாக நடந்துவந்தது. நான் கொழிஞ்சி கொடுப்பேன், அவர்கள் கடற்பாசி கொடுப்பார்கள்.

கொழிஞ்சி வரப்பிலும் தரிசிலும் தானாக முளைக்கிற செடி. ஆடு அதில் வாய் வைக்காது. நாங்கள் அதை அறுத்து நெல் நடவுக்கு முன்னால் சேற்றில் போட்டு மிதிப்போம். அண்ணாவுக்கு அதே செடி வேறு ஒன்றுக்குத் தேவைப்பட்டது. வைகாசி, ஆனி மாதங்களில் கோலா மீன் முட்டையிட வரும். இறக்கையை விரித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே பறக்கிற மீன் அது. கடலில் மிதக்கிற பாசியைத் தேடி வந்து, அதன் கொடிகளில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். இவர்கள் கொழிஞ்சியைக் கட்டுக்கட்டாகக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். கோலா அதைப் பாசி என்று நினைத்துக்கொண்டு கூட்டமாக வந்து சேரும்போது கைவலையால் அள்ளிக்கொள்வார்கள்.

எனக்கு வந்த பாசி, மழைக்காலம் முடிந்த பிறகு கரையில் ஒதுங்குவது. அக்கா அதைச் சாக்கில் அடைத்து அனுப்புவார். பம்புசெட்டுத் தொட்டியில் போட்டு இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி உப்பை எடுத்துவிட்டு, மக்க வைத்து மல்லாட்டை நிலத்தில் போடுவேன். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். எங்கள் மண்ணில் மல்லாட்டை முளைத்துக் கொஞ்ச நாளில் இலை மஞ்சள் பூத்துப் போகும். எத்தனையோ மருந்து அடித்துப் பார்த்தாயிற்று. பாசி போட ஆரம்பித்த பிறகு என் கொல்லை மட்டும் கருகருவென்று நின்றது. திண்டிவனம் போகிற பஸ்ஸில் இருப்பவர்கள் கூட எட்டிப் பார்ப்பார்கள் என்று நான் பெருமையடித்துக்கொள்வேன். ஊரில் பாதிப் பேர் அதற்காகவே என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் பேராசைப்பட்டுப் பக்கத்து நிலம் இரண்டு ஏக்கரையும் குத்தகைக்கு எடுத்திருந்தேன். கரையிலோ பாசி சரியாக ஒதுங்கவில்லை. வந்ததிலும் பாதி மணல். வைகாசி பிறந்ததும் கொழிஞ்சி ஏற்றிக்கொண்டு போக அக்காவும் அண்ணாவும் ஒரு குட்டியானை வண்டியோடு வந்தார்கள். வரப்பில் நின்று கட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணா பேச்சுவாக்கில், இந்த வருஷம் கடலுக்குள் பாசி பந்தல் பந்தலாக மிதக்கிறது என்றார். எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. அதில் ஒரு நாலு சாக்கு வாரிக்கொண்டு வரச் சொன்னேன்.

"அத்த எடுக்கக் கூடாதும்மா" என்றார். "கரைக்கு வந்தது செத்தது. எவ்ளோ வேணா வாரிக்குங்க. மெதக்கறது உசுரோட இருக்குது. அது மீனுங்களோட வூடு."

"வூடா? கதவு ஜன்னல்லாம் வெச்சிருக்குதுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "கதவு இல்லாத வூடுதான். யார் வேணா உள்ள பூந்துக்கலாம். அதான் அத்தினி உசுரு அதுல கெடக்குது."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. எனக்குக் கொடுக்க மனசில்லாமல் கதை சொல்கிறார் என்றுதான் தோன்றியது. "எங்க வரப்புல வந்து கொழிஞ்சிய அறுத்துக்கினு போறீங்களே, இது எறும்புங்களோட வூடுன்னு நான் ஒரு நாளாச்சும் சொன்னனா? பாசி இல்லன்னா கொழிஞ்சியும் இல்லண்ணா. வண்டிய காலியாவே ஓட்டிக்கினு போங்க" என்றேன்.

நான் எங்கே அடித்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சுற்று வட்டாரத்தில் எல்லோரும் வரப்புக்குக் களைக்கொல்லி அடித்து அடித்துக் கொழிஞ்சி அற்றுப் போயிருந்தது. வீம்புக்காகக் களைக்கொல்லி வாங்காத என் வரப்பில்தான் இடுப்பளவுக்கு நின்றது. போன வருஷம் அவர்களுக்குக் கோலா சரியாகப் படவில்லை. இந்த ஒன்றரை மாதத்தில் கிடைப்பதுதான் அந்தக் குடும்பத்தை மழைக்காலம் தாண்ட வைக்கும். இந்த முறையும் போனால் படகையே கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அக்கா போன வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார். எல்லாம் தெரிந்துதான் பேசினேன். அண்ணா கையிலிருந்த கட்டை வரப்பிலேயே வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். வாய் ஓயாத அக்கா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலு நாள் கழித்து அக்கா மட்டும் வந்தார். வண்டியில் மூன்று சாக்குப் பாசி இருந்தது. "எடுத்துக்கம்மா" என்றார், அவ்வளவுதான். நான் தாராளமாக, கேட்டதற்கு மேலேயே கொழிஞ்சி அறுத்து ஏற்றி அனுப்பினேன். ஜெயித்தவள் தாராளமாக இருப்பதில் என்ன கஷ்டம்.

அன்றைக்கே இரண்டு சாக்கைப் பம்புசெட்டுத் தொட்டியில் கொட்டினேன். கரையில் கிடைக்கிற பாசி கறுப்பாக, கயிறு கயிறாக, வாடையோடு இருக்கும். இது தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. இலை இலையாகக் கிளை விட்டு, கிளையெல்லாம் மிளகு அளவு காய்கள். ஒன்றை நசுக்கினேன். டப்பென்று உடைந்தது, உள்ளே வெறும் காற்று. அந்தக் காற்றுக் காய்கள்தான் செடியை மேலே தூக்கிப் பிடிக்கின்றன என்று புரிந்ததும், யார் யோசித்து வைத்தார்களோ என்று நான் அசந்துபோய் நின்றேன். பிறகு போர் மோட்டாரைப் போட்டுவிட்டேன்.

நல்ல தண்ணீர் ஏற ஏறப் பாசிக்குள்ளிருந்து ஏதேதோ வெளியே வந்தன. முதலில் நகம் அளவு ஒரு நண்டு. அதன் ஓடும் பாசியின் அதே தேன் நிறம். நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு. அப்புறம் கண்ணாடி போன்ற இறால் குஞ்சுகள். தட்டையாக, வாலை மடக்கிக்கொண்டு ஒரு கிளாத்தி மீன் குஞ்சு. கோடு போட்ட பாரைக் குஞ்சுகள் ஏழெட்டு. இலையென்று நினைத்து விரலால் தள்ளினால் அது நீந்திப் போயிற்று. அத்தனையும் சாக்குக்குள் ஈரத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிளியனூர் வரைக்கும் வந்திருக்கின்றன. இப்போது என் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன.

"இன்னாங்க! ஓடியாங்க! எல்லாம் சாவுது!" என்று கத்தினேன்.

என் வீட்டுக்காரர் ஓடிவந்து பார்த்தார். "உப்பு இல்லாம சாவுது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி, மூட்டையில் இருந்த மரக்காணம் கல்லுப்பை ஒரு குண்டானில் அள்ளிக்கொண்டு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் குழம்புக்குப் போடுவதுபோல் கைகையாக உப்பை அள்ளித் தொட்டியில் போட்டோம். நான் கையை விட்டுக் கலக்கினேன். அவர் நாக்கில் தொட்டுப் பார்த்து, "பத்தல, இன்னும் போடு" என்றார். உப்பைப் போட்டால் கடல் ஆகிவிடும் என்று இரண்டு வளர்ந்த மனிதர்கள் நம்பினோம். கல்லுப்பு கரையாமல் தொட்டி அடியில் போய்க் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் எதுவும் அசையவில்லை.

பாசிக் கிளைகளில் இன்னொன்றும் ஒட்டியிருந்தது. ஜவ்வரிசியில் பாதி அளவுக்கு வெளிறிய மணிகள், மெல்லிய நூல்களால் கிளையோடு பின்னிக்கொண்டு கொத்தாக இருந்தன. இது என்ன என்று கேட்க அக்காவுக்கு போன் போட்டேன். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அது கோலா முட்டைம்மா" என்றார்.

கையிலிருந்த கிளையைத் தொட்டிச் சுவர் மேல் வைத்தேன்.

"அவரு முட்டை இல்லாததா பாத்துப் பாத்துதான் வாரினாரு. அப்பயும் வந்துகிச்சி போல. வுடு" என்றார்.

விதைக்கு வைத்திருக்கிற மல்லாட்டையை எடுத்துச் சட்னி அரைத்துத் தின்றால் ஆடிப்பட்டத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். விவசாயம் செய்கிறவளுக்கு இதை ஒருவர் விளக்க வேண்டியதில்லை. அந்த மனிதரின் விதையை அவர் கையாலேயே வாரவைத்து, என் தொட்டியில் கொட்டிக்கொண்டிருக்கிறேன். அதுவும் எதற்கு, மல்லாட்டை மஞ்சளாகாமல் இருப்பதற்கு. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் இந்த முறை மோட்டார் கொட்டகைக்குப் போகவில்லை. பிரிக்காமல் இருந்த மூன்றாவது சாக்கைக் காட்டி, "இது இன்னும் ஈரமாத்தான் கீது. ஜல்தியா கெளம்பு" என்றார்.

பைக்கில் சாக்கை நடுவில் வைத்துக்கொண்டு மரக்காணம் போனோம். வைகாசி வெயில். நான் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் வழியில் நனைக்கலாம் என்றேன். "நல்ல தண்ணிய ஊத்திக் கொன்னது பத்தலையா?" என்று கேட்டார். நாற்பது வயசுக்கு மேலே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். உப்பளத்தைத் தாண்டிக் குப்பத்துக்குள் நுழைந்தபோது அண்ணா வலை பிரித்துக்கொண்டிருந்தார். சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் கடல் தண்ணீர் மொண்டு ஊற்றிப் பாசியை அதில் மெதுவாக அவிழ்த்து விட்டார். ஒரு சின்ன நண்டு கிளையில் ஏறி உட்கார்ந்தது.

"காலைல கோலாவுக்குப் போறோம். இத்தயும் கொண்டுபோயி வுட்டுடலாம்" என்றார். பிறகு, "எடுக்க வெச்சது நீங்கதான? நீங்களே வந்து வுடுங்க" என்றார்.

அங்கே பெண்கள் படகில் ஏறுவது வழக்கமில்லை. அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அப்போ நானும் வர்றேன். இத்தினி வருஷமா வித்துக்கினு கீறேன், அதுங்க வூடு எப்பிடி கீதுன்னு ஒரு நாளு பாக்கக் கூடாதா?" என்று கேட்டார். அண்ணாவால் மறுக்க முடியவில்லை. அக்காவிடம் யாராலும் முடியாது. கூடப் போகிற ஆளை அன்றைக்கு நிறுத்திவிட்டார்கள்.

ராத்திரி அவர்கள் வீட்டிலேயே தங்கி, என் வீட்டுக்காரரைக் கரையில் விட்டுவிட்டு விடிகிற நேரத்தில் கிளம்பினோம். அலையைத் தாண்டுவதற்குள்ளேயே எனக்கு வாந்தி வந்துவிட்டது. "மல்லாட்டைக் கொல்லையில இத்தினி ஆட்டம் இல்லல்ல?" என்று அக்கா கேட்டுவிட்டு, தானும் குனிந்து வாந்தியெடுத்தார். கரை கண்ணுக்கு மறைந்து ரொம்ப நேரம் கழித்து அண்ணா இன்ஜினை நிறுத்தினார்.

முன்னால் கடலின் மேல் தேன் நிறத்தில் ஒரு திட்டு கிடந்தது. எங்கள் களத்துமேட்டின் அளவு இருக்கும். அலை தூக்கும்போது தூக்கி, இறக்கும்போது இறங்கி, பிரியாமல் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு வேர் கிடையாது. தெற்கே எங்கோ பாறையிலிருந்து பிய்த்துக்கொண்டு நீரோட்டத்தில் வடக்கே வருவதாக அண்ணா சொன்னார். மண் இல்லை, வரப்பு இல்லை, ஒருவரும் தண்ணீர் பாய்ச்சவில்லை. ஆனாலும் நுனியெல்லாம் புதுக் கொழுந்து. நான் ஒரு செடியைப் பிழைக்க வைக்க என்ன பாடு படுகிறேன் என்று எனக்குத் தெரியும். கையெடுத்துக் கும்பிட்டேன்.

அண்ணா ஓரத்தில் சாய்ந்து கீழே பார்க்கச் சொன்னார். பாசியின் நிழலில் அரிசி அளவுக் குஞ்சுகள் பல நூறு நின்றுகொண்டிருந்தன. அதற்குக் கீழே விரல் அளவு மீன்கள், இன்னும் கீழே அவற்றைத் தின்ன வந்த முழ நீள மீன்கள். பெரியது பாயும்போது சின்னது எல்லாம் ஒரே நொடியில் பாசிக்குள் ஏறி மறைந்துகொண்டது. மேலே இரண்டு ஆலாப் பறவைகள் சாவகாசமாக உட்கார்ந்து இரை பொறுக்கிக்கொண்டிருந்தன. சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை வெறும் தண்ணீர். ஒதுங்க ஓர் இடம் கிடையாது. எங்கள் கரையில் பொரித்து இறங்குகிற ஆமைக்குஞ்சு கூட இப்படி ஒரு பாசியைக் கண்டால் அதன் மேல் படுத்துக்கொண்டுதான் வளரும் என்றார் அண்ணா. அக்கா வாயில் கையை வைத்தபடி இருந்தார். "நான் வித்ததெல்லாம் இங்கருந்துதான் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

டிரம்மிலிருந்த பாசியை இரண்டு கையாலும் ஏந்தி நான் தண்ணீரில் விட்டேன். முதலில் கசங்கிப்போய் அமிழ்ந்தது. பிறகு காய்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கொஞ்ச நேரத்தில் திட்டோடு போய்ச் சேர்ந்து, எது நான் விட்டது என்று தெரியாமல் போயிற்று.

அங்கேயே கட்டுகளைப் போடுவார் என்று நினைத்தேன். அத்தனை மீன் காலடியில் நிற்கிறதே. அவர் இன்ஜினைப் போட்டு ரொம்பத் தூரம் தள்ளிப் போனார். ஏன் என்று கேட்டேன்.

"அது அதுங்க வூடும்மா. அங்க கை வெக்கக் கூடாது. நாம கட்டிப் போடறோமே, இதான் நம்ம கடை. கடைக்கு வர்றத நாம எடுத்துக்கலாம்."

என் வரப்புக் கொழிஞ்சி கயிற்றில் வரிசையாக மிதந்தது. வெயில் ஏறியது. வருமா வராதா என்று அக்கா ஒரு பக்கம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வராவிட்டால் என்னால்தான் வரவில்லை என்று நான் முடிவே செய்துவிட்டேன். அப்போது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒன்று எழும்பியது. நீலமாக, இறக்கையை விரித்து, அலை அலையாகத் தாண்டிப் போய் விழுந்தது. அதன் பின்னால் பத்து, அதன் பின்னால் கணக்கில்லை. கொழிஞ்சிக் கட்டைச் சுற்றித் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. நான் எழுந்து நின்று சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். "ஒக்காருங்கம்மா, படகு கவுந்துடும்!" என்று அண்ணா கத்தினார். அவர் அள்ள அள்ள அக்கா வாங்கிக் கொட்டினார்.

ஒவ்வொரு கட்டாக மேலே இழுத்தார்கள். கடைசிக் கட்டை மட்டும் அண்ணா இழுக்கவில்லை. எந்தப் பயணத்திலும் கடைசிக் கட்டு கடலுக்குத்தான் என்றார். அவருடைய அப்பா காலத்து வழக்கமாம். நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கொழிஞ்சி இலைகளில், தண்டுகளில், அதே வெளிறிய மணிகள், அதே நூல். என் தொட்டியில் செத்தவையும் இவையும் ஒன்றுதான்.

"இது பொரிக்குமாண்ணா?"

அவர் பொய் சொல்லவில்லை. "கொழிஞ்சி அறுத்த செடிதான? ரெண்டு மூணு நாள்ல இலை உதுந்து முழுகிப்பூடும். பாசிதான் உசுரோட நிக்கும். பாசி எதுனா பக்கத்துல வந்து அண்டிச்சினா பொழைக்கும்."

"அப்ப அந்தத் திட்டுக்கே கொண்டுபோயி வுடலாமே."

"டீசல் என்னா உங்க போர்லருந்தா வருது?" என்றார். சொல்லிக்கொண்டே படகைத் திருப்பிவிட்டார்.

திட்டு அதற்குள் வடக்கே நகர்ந்திருந்தது. தேடிக் கண்டுபிடித்தோம். அண்ணா கத்தியை என்னிடம் கொடுத்தார். நான் கட்டைப் பாசிக்கு நடுவில் செருகிவிட்டுக் கயிற்றை அறுத்தேன். பாசிக் கிளைகள் அலையில் வந்து கொழிஞ்சியைச் சுற்றிக்கொண்டன. "அண்ணா, அன்னிக்கி வரப்புல நான் பேசுனது தப்பு" என்றேன். காற்றில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ, அக்காவுக்குக் கேட்டது. என் முதுகில் ஒன்று வைத்தார், நன்றாக வலித்தது.

அந்த வருஷம் அவர்களுக்குக் கோலா வந்தது. அள்ளிக் குவிக்கிற அளவுக்கு இல்லை, ஆனால் படகு அவர்கள் கையிலேயே இருந்தது. இன்றைக்கும் கொழிஞ்சி நான் அனுப்புகிறேன், இரண்டு கட்டு கூடவே அனுப்புகிறேன், பாசியைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. கரையில் செத்து ஒதுங்குவது கிடைத்தால் அக்காவே கொண்டுவருவார். கிடைக்காத வருஷம் பாசி இல்லாமலே விதைக்கிறேன்.

போதிய பாசி இல்லாமல் அந்த ஆடியில் விதைத்த ஐந்து ஏக்கர் மல்லாட்டையும் மஞ்சள் பூத்தது. பேச்சைக் குறைத்துக்கொண்டவர்கள் எல்லாம் வரப்பில் வந்து நின்று, என்னம்மா உங்க கொல்லையும் இப்பிடி ஆகிப்போச்சே என்று ஆசையாக விசாரித்தார்கள். என் வீட்டுக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று மோட்டார் கொட்டகைப் பக்கம் ஒதுங்கினார். நான் அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் வரவேயில்லை.